பழைய பிக்அப் வாங்கியாச்சு, அடுத்து என்ன செய்வது? கடலூர், புதுச்சேரி வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குட்டியானை, பொலிரோ பிக்அப், தோஸ்த், டாடா 207 மாதிரி டீசல் லோடு வண்டியை செகண்ட் ஹேண்டில் எடுத்தவர்களுக்கானது இது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே படித்தால் இன்னும் நல்லது. வண்டி கைக்கு வந்ததும் எல்லாரும் பானெட்டைத் தூக்கி இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். உப்புக்காற்று அடிக்கும் நம் கரையோரத்தில் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது இன்ஜின் இல்லை, மொத்த வண்டியையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸ். அதற்கும் முந்தியது ஆர்சி எனும் பதிவுச் சான்று.

வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. முதலில் எதில் கை வைப்பது?

எதிலும் வேண்டாம். பெயின்ட், சீட் கவர், ஆடியோ செட் எதற்கும் இப்போது ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். முதலில் பேப்பர், அடுத்து சேஸ், அதற்குப் பின் பிரேக்கும் ஸ்டியரிங்கும், கடைசியில் இன்ஜின். இந்த வரிசையில் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவதா, விற்பதா, உடைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். பேப்பரில் சிக்கல் உள்ள வண்டிக்கு இன்ஜின் வேலை பார்த்தால் அந்தப் பணம் திரும்பாது. சேஸ் அரித்த வண்டியும் அப்படித்தான்.

பேப்பரில் என்னென்ன பார்க்கணும்?

பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போடுங்கள். எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று ஒவ்வொன்றும் எந்தத் தேதி வரை கரண்டில் இருக்கிறது, ஃபைனான்ஸ் பாக்கி காட்டுகிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். அபராதம் பழைய ஓனர் வாங்கியதாக இருந்தாலும், பெயர் மாற்றப் போகும்போது அது உங்கள் தலையில்தான் விழும்.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் தர வேண்டியது படிவம் 29, இருவரும் கையெழுத்திட வேண்டியது படிவம் 30. ஃபைனான்ஸ் ஏறியிருந்தால், நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கடன் தீர்ந்த கடிதமும் வேண்டும். சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

புரோக்கரிடம் "ஓப்பன் லெட்டர் இருக்கு சார், எப்ப வேணா மாத்திக்கலாம்" என்ற பேச்சு வரும். வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்த படிவம்தான் அது. ஆர்சியில் பெயர் உள்ளவர் வேறு, விற்றவர் வேறு, நடுவில் இரண்டு கை மாறியிருக்கும். ஆர்சி ஓனரின் கைபேசிக்கு ஓடிபி வரும், கையெழுத்தும் பொருந்த வேண்டும். அந்த மனிதரை நேரில் பார்க்காமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட வேண்டாம்.

சேஸில் கொத்தியிருக்கும் எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆர்சியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். மீன் வண்டிகளில் அந்த இடமே துருப்பிடித்து எண் மறைந்திருப்பது உண்டு. எஃப்சியில் அது பெரிய தலைவலி.

பிஒய் 01 வண்டி. நான் இருப்பது கடலூர். அப்படியே ஓட்டலாமா?

முள்ளோடை தாண்டினால் வேறு மாநிலம் என்பது நமக்கு மறந்துபோகும், வாகனச் சட்டத்துக்கு மறக்காது. வேறு மாநிலப் பதிவெண்ணோடு ஓர் ஊரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஊர்ப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். அதற்குப் புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, கடலூர் ஆர்டிஓ-வில் தமிழ்நாட்டு வரி கட்டி, டிஎன் 31 எண் பெற வேண்டும். டிஎன் வண்டியைப் புதுச்சேரிக்காரர் வாங்கினாலும் இதே பாதைதான். என்ஓசியை விற்பவர் பெயரில் இருக்கும்போதே எடுக்க வைப்பது சுலபம். பேசி முடிக்கும்போதே அதையும் விலைக்குள் பேசிவிடுங்கள்.

பர்மிட் வேண்டுமா? என்னிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. ஆர்சியில் மொத்த எடை என்ன என்று பாருங்கள், அதுதான் கணக்கு. லைசென்ஸைப் பொறுத்தவரை, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது.

இன்சூரன்ஸ் பழைய பெயரிலேயே ஓடட்டும் என்று விடக்கூடாது. வாங்கிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்கும்போது தகராறு வரும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது.

15 வருஷம் தாண்டிய டீசல் வண்டியை ஓட்டவே கூடாதாமே?

அது டெல்லி சுற்றுவட்டாரக் கதை. நம் பக்கம் தனியார் வண்டிக்கு வயதை மட்டும் வைத்துத் தடை இல்லை. 15 வருடத்தில் கட்டாயம் கழிக்க வேண்டும் என்ற விதி அரசு வாகனங்களுக்கு வந்தது. ஆனால் சரக்கு வண்டிக்கு எஃப்சி இல்லையென்றால் ஆர்சியே செல்லாததற்குச் சமம். வண்டிக்கு 8 வயது வரை எஃப்சி 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். வயது ஏற ஏற எஃப்சி கட்டணமும் ஏறும், தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். கடைசி எஃப்சி முடிந்து எவ்வளவு நாள் ஆகிறது என்பதையும் விலை பேசும்போது கணக்கில் எடுங்கள்.

சேஸ் நன்றாக இருக்கிறதா என்று மெக்கானிக் இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு சின்ன சுத்தியல், பழைய ஸ்க்ரூ டிரைவர், டார்ச், விரித்துப் படுக்க ஒரு சாக்கு போதும். ஜாக்கி மட்டும் வைத்து அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு கொடுங்கள், அல்லது வாட்டர் சர்வீஸ் ரேம்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

சேஸை முன்னிருந்து பின்னுக்குச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று ஒலிக்கும். அடுக்கடுக்காக உப்பிப்போன துரு 'தப் தப்' என்று மழுங்கிய சத்தம் தரும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். சில்லு சில்லாக உதிர்ந்து உள்ளே நல்ல இரும்பு தெரிந்தால் பிழைத்தது. முனை உள்ளே இறங்கினால் அந்த இடம் போய்விட்டது.

முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. பின் கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) சேஸோடு இணைக்கும் ஷேக்கிளும் அதன் பிராக்கெட்டும் முதல் இடம். கேபினுக்குப் பின்னால் சேஸ் வளையும் பகுதி அடுத்தது. ஓவர்லோடு அடித்த வண்டியில் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், ரிவிட், போல்ட் ஓட்டைகளைச் சுற்றி முடி மாதிரிக் கோடு தெரிகிறதா பாருங்கள். மூன்றாவது, சேஸுக்கும் லோடு பாடிக்கும் நடுவே வைத்த மரக்கட்டை அல்லது ரப்பர் பேக்கிங். உப்புத் தண்ணீர் அங்கே தங்கி மேலிருந்து கீழே தின்றுகொண்டு வரும், கீழிருந்து பார்த்தால் பளபளவென்றிருக்கும். கடைசியாகக் குறுக்குச் சட்டங்கள், குறிப்பாக ஸ்பேர் வீல் தொங்கும் இடம்.

விற்பதற்கு முன் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்த வண்டியைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். தார் மாதிரிப் பூசியிருந்தால் நாலைந்து இடத்தில் சுரண்டிவிடுங்கள்.

பிராக்கெட்டும் குறுக்குச் சட்டமும் போயிருந்தால் மாற்றலாம். இரண்டு நெடுஞ்சட்டங்களில் ஒன்றில் ஓட்டை விழுந்தாலோ விரிசல் ஓடினாலோ, அந்த வண்டியை லோடுக்கு ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பட்டறையில் தகடு வைத்து அடைத்துத் தருவார்கள்தான். ஆனால் சட்டத்தின் மேல், கீழ் விளிம்பில் குறுக்காக வெல்டிங் ஓட்டினால், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும், பெரும்பாலும் லோடோடு. வேறு எந்த இடத்தில் ஆர்க் வெல்டிங் வைத்தாலும் பேட்டரி இரண்டு முனையையும் கழற்றுங்கள். காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் இன்ஜின்) வண்டியென்றால் அந்தக் கம்ப்யூட்டரான ஈசிஎம்மின் கனெக்டரையும் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதையும் கெடுக்கும்.

துருவுக்குக் கழிவு ஆயில் அடிக்கலாமா?

வேண்டாம். புஷ், பிரேக் ஹோஸ் எல்லாம் ரப்பர். ஆயிலில் ஊறி உப்பிவிடும். மண்ணும் அதில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர், பிரைமர், அதன் மேல் சேஸ் பிளாக் என்ற வரிசையில் அடியுங்கள். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினால் அது ஈரத்தை உறிஞ்சும். மேல் பூச்சு அவசியம். சேஸின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அண்டர்கோட்டிங் அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் பக்கத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. 2015 வெள்ளம் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையேறி, அடுத்த நாட்களில் தென்பெண்ணை ஆறு ஊருக்குள் புகுந்தது இன்னொன்று. மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து மறுபடி கை மாறுவது வழக்கம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் கழுவாத அந்த அடிப்பகுதியில் வண்டல் கோடு இருக்கும். ஃபியூஸ் பாக்ஸின் கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பின்னில் பச்சைப் பூஞ்சை மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஹெட்லைட்டுக்குள்ளே மண் திட்டு, டேஷ்போர்டு அடி பிராக்கெட்டில் துரு, இவையும் சாட்சி. முக்கியமானது கிரவுன் ஆயில், அதாவது பின் ஆக்ஸிலின் நடுவே உள்ள டிஃபரென்ஷியலின் ஆயில். பிளக்கை லேசாகத் தளர்த்தினால் வருவது பாலாடை நிறத்தில் இருந்தால், பிரீதர் எனும் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கியர் பாக்ஸும் அப்படித்தான்.

மூழ்கியது தெரிந்தால் உடனே விற்க ஓட வேண்டாம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் எல்லா ஆயிலும் மாற்றி, வீல் பேரிங் கழுவி கிரீஸ் வைத்து, செல்ஃபையும் டைனமோவையும் பிரித்துச் சுத்தம் செய்தால் ஓடும். தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே நின்ற வண்டி வேறு ரகம். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கம்ப்ரஷன் டெஸ்டில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்து நின்றால் இன்ஜின் இறக்காமல் முடியாது.

ஆறு மாதமாக நின்ற வண்டி. நேராக செல்ஃப் அடிக்கலாமா?

கூடாது. முதலில் டிப் ஸ்டிக். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டேங்க் அடி பிளக்கைத் திறந்து முதல் 2 லிட்டரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். கால் மணி நேரத்தில் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டீசல் ஃபில்டரைப் புதிதாக மாட்டி, கைப் பிரைமரால் ஏர் எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு இருக்க வாய்ப்புண்டு, வயரிங்கையும் பாருங்கள். கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்புறம் செல்ஃப். ஆயில் லைட் சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

காமன் ரெயில் இன்ஜினில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் ஆபத்தானது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று புகையை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. இரவு முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், சூடான இன்ஜின் பொய் சொல்லும். கறுப்புப் புகை காற்றுப் பற்றாக்குறை அல்லது டீசல் அதிகம்: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் கிழிசல், இன்ஜெக்டர். இவை தாங்கக்கூடிய செலவு. வெள்ளைப் புகை சூடானதும் நின்றால் பரவாயில்லை. நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

சூடான பின் ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆவி வந்தால் சரி. மூடி குதித்து விழும் அளவுக்குப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், "போன வருஷம்தான் மாத்தினோம்" என்ற வாய்வார்த்தையை நம்பாமல் பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும்.

ரேடியேட்டரில் போர் தண்ணி ஊற்றாதீர்கள். கடலோரத்து போர் தண்ணியில் உப்பு அதிகம், டியூபுக்குள் படிந்து அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

பிரேக், ஸ்டியரிங்கில் எதைப் பார்க்கணும்?

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின் புஷ். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் என்ட். இதைத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போனால் தேவையில்லாத வேலையைத் தலையில் கட்ட மாட்டார்கள்.

பின் டிரம் இரண்டையும் கழற்றி வீல் சிலிண்டர் ரப்பரைப் புரட்டிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயிலை முழுவதும் புதிதாக்குங்கள். மூடியில் டாட் 3, டாட் 4 எது எழுதியிருக்கிறதோ அதுவே. இரும்பு பிரேக் பைப் துரு ஏறிப் பொரிந்திருந்தால் வெல்டிங், ஒட்டு எதுவும் கூடாது, புதுப் பைப்.

பின் ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு ராட் போகும். லோடுக்கேற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வுக்கானது அது. பல வண்டிகளில் அதைக் கம்பியால் கட்டியோ கழற்றியோ வைத்திருப்பார்கள். மழையில் வெறும் வண்டியாக ஈசிஆரில் வரும்போது பின் சக்கரம் லாக் ஆகிச் சுழன்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எவ்வளவு லோடு ஏற்றலாம்? கூடுதல் பட்டை போட்டால் தாங்குமா?

ஆர்சியில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் அனுமதி. ஆனால் அந்த வெற்று எடை ஷோரூமிலிருந்து வந்த அன்றைய எடை. பின்னால் யாரோ கனத்த தகடு பாடி, உயரக் கம்பி, கேரியர் எல்லாம் சேர்த்திருப்பார்கள். எடை மேடையில் ஒருமுறை வெறும் வண்டியை நிறுத்துங்கள். கூடிய எடை ஒவ்வொரு கிலோவும் உங்கள் வாடகையிலிருந்து கழிந்த கிலோ.

ஏமாற்றுவது பெரும்பாலும் மணலும் தண்ணீரும். காய்ந்த மணல் ஒரு கன அடி சுமார் 45 கிலோ, ஈர மணல் 50-ஐத் தாண்டும். கால் யூனிட், அதாவது 25 கன அடி, காய்ந்ததே 1,100 கிலோவுக்கு மேல். குட்டியானைக்கு அது சாவு. 20 லிட்டர் தண்ணீர் கேன் நிறைந்தால் 21 கிலோ பக்கம் வரும், 40 கேனுக்கே 840 கிலோ. சிமென்ட் 20 மூட்டை ஒரு டன். பண்ருட்டிப் பலா எடையோடு உயரத்தையும் பார்க்க வேண்டிய லோடு. கம்பிக்கு மேல் குவித்தால் வளைவில் வண்டி சாயும்.

கூடுதல் பட்டை போட்டால் வண்டி தாழாமல் நிற்கும். அவ்வளவுதான். ஆக்ஸில், பேரிங், பிரேக், டயர் எதற்கும் அதனால் பலம் கூடாது. பட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய அடியைச் சேஸ் வாங்கிக்கொள்ளும்.

மீன் லோடு ஓட்ட நினைக்கிறேன்.

கடலூர் முதுநகர், புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகங்களில் லோடு கிடைக்கும், வாடகையும் வரும், சேஸும் போகும். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பாடி இடுக்கு வழியாகச் சேஸில் சொட்டக் கூடாது. பாடித் தளத்தில் கசியாத டிரே வைத்து, ஒரே மூலையில் வடிகுழாய் கொடுத்து, அதைச் சேஸுக்கு வெளியே, பின் சக்கரத்தைத் தாண்டி இறக்குங்கள். சாலையில் ஒழுகவிடாமல் வால்வு போட்டு, இறக்கும் இடத்தில் திறந்துவிடுவது முறை. தினமும் லோடு இறக்கியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மறுநாள் காலையில் கழுவினால் பாதிப் பயன்தான்.

டிபன் வண்டியாக மாற்றலாமா?

பாடியை மாற்றினால் ஆர்சியில் உள்ளதற்கு மாறாகிவிடும். எனவே ஆர்டிஓ அனுமதி முதலில், வெல்டிங் அப்புறம். கட்டிவிட்டு அனுமதி கேட்டால் பிரித்துப்போடச் சொல்ல வாய்ப்புண்டு. உணவுப் பாதுகாப்புப் பதிவு, உள்ளாட்சி அனுமதி, வணிக சிலிண்டர் எல்லாம் சேர்த்துக் கணக்கு போடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓடுவது குறைவு, நிற்பது அதிகம் என்பதால் இன்ஜின் சுமாரான, சேஸ் நல்ல வண்டிக்கு இது பொருத்தமான வழி.

வேலை பார்ப்பதா, கழித்துவிடுவதா?

பிரேக், ஸ்டியரிங், டயர், இன்ஜின், எஃப்சி செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அதே மாடல், அதே வருடம், எஃப்சி கரண்டில் உள்ள நல்ல வண்டி இங்கே என்ன விலை போகிறது என்று விசாரியுங்கள். உங்கள் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுவதே மேல். சேஸ் நன்றாக இருந்து இன்ஜின் மட்டும் போயிருந்தால் பாதிக்குச் சற்று மேலே போனாலும் பார்க்கலாம். மறுபக்கம், இன்ஜின் நன்றாக இருந்து சேஸ் போயிருந்தால் உடைப்பதுதான் வழி.

கழிப்பது என்றால் காயலாங்கடைக்கு அப்படியே தள்ளிவிடாதீர்கள். ஆர்சி உயிரோடு இருக்கும்வரை வரி ஏறிக்கொண்டே இருக்கும், எண்ணை வேறு வண்டிக்கு ஒட்டினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதிவு பெற்ற வாகனக் கழிப்பு மையத்தில் கொடுத்து வைப்புச் சான்றிதழ் வாங்கி, ஆர்சியை ரத்து செய்யுங்கள்.

ஓட்டுவதென்று முடிவாகிவிட்டது. எந்த ஆயில்?

வண்டிப் புத்தகம் சொல்வதே முதல். புத்தகம் இல்லையென்றால் இந்த வகை டீசல் வண்டிகளுக்குப் பொதுவாக இன்ஜினில் 15டபிள்யூ-40, கியர் பாக்ஸில் 80டபிள்யூ-90 ஜிஎல்-4, கிரவுனில் ஜிஎல்-5. ஒரே டின்னில் முடித்துவிடலாம் என்று கியர் பாக்ஸிலும் ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை சின்க்ரோ வளையம் கெடலாம், பிறகு கியர் கரகரக்கும். முதல் இன்ஜின் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மறுபடி மாற்றிவிடுங்கள், உள்ளே இருந்த பழைய கசடு அதில் இறங்கியிருக்கும்.

டயர் பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) நன்றாக இருக்கிறது, போதுமா?

பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. ஆறு வயதைத் தாண்டி, பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் லோடுக்கு ஆகாது. முன்னால் ரீட்ரெட் டயர் வேண்டாம். கார் டயரை மலிவாகக் கிடைக்கிறதென்று மாட்டவும் வேண்டாம்.

பெயின்ட் எப்போது அடிக்கலாம்?

எஃப்சி காட்டப் போவதற்கு முந்தின வாரம். அப்போதுதான் ரிஃப்ளெக்டர் டேப்பையும் புதிதாக ஒட்ட முடியும்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்திலேயே அடித்துவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.